கயிறில்லாத கப்பி: 1 நிமிடம் 52 நொடித் திகில் ட்ரெய்லர் ஒன்றை வெட்டிய குறிப்பு

படம் 21 நிமிடம். கதை நடப்பது கிளிநொச்சியில், இரணைமடு வாய்க்கால் பக்கத்தில் தனித்து நிற்கும் ஒரு வீட்டில். மாமி செத்து அந்தியேட்டிக் கிரியையும் முடிந்துவிட்டது. புருஷன் கட்டாரில். மருமகளும் ஒன்பது வயது மகளும் மட்டும் வீட்டில். தண்ணீர் மோட்டரில் வருவதால் கிணற்றுக் கயிற்றைக் கழற்றி வைத்தாயிற்று. ஆனால் இரவில் கப்பி உருளுகிற சத்தம் கேட்கிறது. கப்பி உண்மையில் உருளுகிறதா, நித்திரை கெட்ட ஒருத்தியின் காதுக்குள் மட்டும் உருளுகிறதா என்பதைப் படம் கடைசிவரை சொல்லாது. ட்ரெய்லரும் சொல்லக்கூடாது. வேலையின் கஷ்டம் முழுவதும் அதில்தான் கிடந்தது.

பேய்ப் படத்தின் ட்ரெய்லரைப் பார்த்தவர் ‘அது என்ன?’ என்று கேட்டால் போதும். உளவியல் திகிலின் ட்ரெய்லரைப் பார்த்தவர் ‘இவளுக்கு என்ன?’ என்று கேட்க வேண்டும், அதே நேரம் ‘இவள் சொல்லுறது உண்மையா இருந்தா?’ என்றும் யோசிக்க வேண்டும். இரண்டில் ஒன்று செத்தாலும் ட்ரெய்லர் செத்தது. வெள்ளைச் சேலையும் கொலுசுச் சத்தமும் வந்தால் இரண்டாவது கேள்விக்கு உடனே பதில் கிடைத்துவிடும். அதோடு, பகிடிப் பேய்ப் படங்கள் பார்த்துப் பழகிய பிள்ளைகள் கொலுசு கேட்டவுடன் சிரிப்பார்கள். அதனால் இரண்டையும் படப்பிடிப்பிலேயே தவிர்த்தோம். மறுபக்கம், மாத்திரைப் போத்தலும் டொக்டரும் முன்னுக்கு வந்தால் முதல் கேள்விக்குப் பதில் வந்துவிடும். படத்தில் ஆஸ்பத்திரிக் காட்சி ஒன்று உண்டு. ட்ரெய்லரில் அதிலிருந்து ஒரு பிரேமும் இல்லை.

வெட்டத் தொடங்கமுன் கடதாசியில் செய்த வேலை இது. 21 நிமிடத்தில் கடைசி 7 நிமிடத்தை முழுக்க ஒதுக்கி வைத்தோம். மிச்சம் 14 நிமிடத்தில் இருந்த ஷொட்களைத் துண்டுச் சீட்டுகளில் எழுதி மூன்று குவியலாகப் பிரித்தோம்: சாதாரணமானவை, சந்தேகம் தருபவை, பதில் சொல்பவை. மூன்றாவது குவியலைத் தூக்கி வைத்துவிட்டு மற்ற இரண்டாலும் மட்டுமே ட்ரெய்லர் கட்ட வேண்டும். இந்த ஒழுங்கு இல்லாமல் டைம்லைனில் நேரே இருந்தால் கை தானாகவே ‘நல்ல ஷொட்’ பக்கம் போகும். நல்ல ஷொட் எல்லாம் பெரும்பாலும் பதில் சொல்லும் ஷொட்தான்.

படத்தின் கதையைக் காட்டாமலே பயமூட்டலாம் என்பதற்குப் பழைய சாட்சி இருக்கிறது. 1960இல் ‘சைக்கோ’வுக்கு அதன் இயக்குநர் ஹிட்ச்கொக் செய்த ட்ரெய்லர் ஆறு நிமிடத்துக்கு மேல் ஓடும். அவரே செட்டுக்குள் நடந்து, ஒவ்வொரு அறையாகக் காட்டி, பாதி சொல்லி பாதி விழுங்கிக் கதைப்பார். கடைசியில் குளியலறைத் திரையை இழுக்கும்போது அலறுவது படத்தில் அங்கே கொல்லப்படும் நடிகை அல்ல, வேறொரு நடிகை. 1980இல் வெளிவந்த ‘தி ஷைனிங்’ படத்தின் முதல் டீசர் ஒரே ஒரு அசையாத ஷொட்: லிப்ட் கதவு, அதிலிருந்து வழியும் இரத்தம், மேலே ஓடும் பெயர்கள். கப்பி ஷொட்டை முதலாவதாக வைக்கத் துணிவு தந்தது இந்த இரண்டாவது உதாரணம்தான்.

முதல் வெட்டு 2 நிமிடம் 48 நொடி வந்தது. இணையத்தில் கிடைக்கும் எல்லா மரபும் அதில் இருந்தன. அடிவயிற்றில் இறங்கும் ‘பூம்’ ஏழு தடவை, மேலே ஏறும் விசில் சத்தம் மூன்று தடவை, நீலப் பச்சை நிறம், மெதுவாக்கிய தாலாட்டு, காணாமற்போன பிள்ளையின் படம் ஒட்டிய சுவர். தொழில்நுட்பமாகப் பிழை இல்லை. ஆனால் இந்த மண்ணில் அதைப் போட முடியாது.

ஏன் என்பதை விவரமாகவே எழுதவேண்டும். திகில் ட்ரெய்லரின் ஒலி மரபு பார்ப்பவருக்கு ‘ஆபத்து வருகிறது’ என்று பொய்யாகச் சொல்லும் ஏற்பாடு. பொய் என்று தெரிந்துகொண்டே பயப்படுவதில்தான் சுகம். தூரத்தில் கனத்த ஒரு அடி, அதற்கு முன் கூவிக்கொண்டு வரும் ஒரு சத்தம்: இந்தச் சோடியை 2009இல் போர் முடியும்வரை வன்னியில் இருந்தவர்கள் வேறு இடத்தில் கேட்டிருக்கிறார்கள். எறிகணைச் செல் கூவிக்கொண்டுதான் வரும். அவர்களுக்கு அது பொய் இல்லை. சுகமும் இல்லை. பூம் அடிக்கிற இடத்தில் கதையை விட்டு வெளியே போய்விடுவார்கள், சிலர் எழும்பியும் போவார்கள். சுவர் முழுக்கப் படம் ஒட்டுகிற மரபும் அப்படித்தான். 2017 பெப்ரவரியிலிருந்து கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் கையில் படத்தோடு தெருவோரம் இருந்த ஊரில், அதே உருவத்தை அலங்காரத்துக்கு எடுப்பது அசிங்கம். மிதிவெடி எச்சரிக்கைப் பலகை, இடிந்த பங்கர் எல்லாம் பார்வைக்கு ‘மலிவாகக் கிடைத்த செட்’ போலத் தெரியும். கிட்டவும் போகவேண்டாம். பாதுகாப்புக் காரணம் ஒன்று, மேலே சொன்ன காரணம் மற்றது.

ஆக, மரபின் வேலையை வைத்துக்கொண்டு பொருளை மாற்ற வேண்டியிருந்தது. பூம் என்ன வேலை செய்கிறது? ஒரு வசனத்துக்கு முற்றுப்புள்ளி வைக்கிறது. விசில் என்ன செய்கிறது? ‘இன்னும் முடியவில்லை’ என்று இழுக்கிறது. அமைதி என்ன செய்கிறது? காதைக் கூராக்குகிறது. இந்த மூன்று வேலைக்கும் வன்னி இரவிலேயே ஆட்கள் இருக்கிறார்கள்.

ஒலிகள்

கப்பி: பழைய இரும்புக் கப்பி, எண்ணெய் விடாதது. புதுக் கப்பி கிரீச்சிடாது, நைலோன் கப்பி சுத்தமாக உதவாது. ரெக்கோடரை 20 செ.மீ. தள்ளி, அச்சுப் பக்கமாக வைத்து 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் பதிந்தது. கையால் மெதுவாகச் சுற்றும்போது வரும் கிரீச், வேகமாகச் சுற்றும்போது வருவதைவிட நல்லது. மெதுவாகச் சுற்றினால் ஒவ்வொரு கிரீச்சுக்கும் இடையே ஒழுங்கில்லாத இடைவெளி வரும், அந்த ஒழுங்கின்மைதான் ஆள் இருப்பது போலத் தோன்றவைக்கிறது. ஒரே வேகமாகச் சுழன்றால் காற்று என்று நினைத்துவிடுவார்கள்.

காவோலை: வெட்டாமல் விட்ட பனையில் காய்ந்து தொங்கும் ஓலை, காற்றில் மரத்தில் உராயும்போது யாரோ நகத்தால் பலகையைச் சுரண்டுவது போல இருக்கும். பகலில் பதிந்தால் பின்னால் காகமும் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரமும் வரும். விடிய 4 மணி தொடக்கம் 5 மணி வரைதான் சுத்தமான நேரம். 5 மணிக்குப் பிறகு கோயில் ஒலிபெருக்கி தொடங்கிவிடும். மைக்குக்குப் பஞ்சுறை இல்லாமல் போனால் கேட்பது காற்றின் அடி மட்டும்தான்.

ஆட்காட்டி: ஆள் நடமாட்டம் கண்டால் இரவிலும் கத்தும் குருவி. வயலுக்குக் காவல் போகிறவர்களுக்கு இது ஒரு அறிவித்தல். ட்ரெய்லரில் இதை ஒரே ஒரு இடத்தில் வைத்திருக்கிறது, 0:41இல், மிகத் தூரத்தில். ஊரவருக்கு ‘வெளியில் ஆர்?’ என்ற கேள்வி அங்கேயே எழும். கொழும்பிலோ கனடாவிலோ பார்ப்பவருக்கு அது வெறும் இராக்குருவி. இரண்டும் சரி.

கிணற்றுக்குள் எதிரொலி: இதுதான் இந்த வேலையில் கிடைத்த புதையல். ரெக்கோடரைப் பொலித்தீன் பைக்குள் போட்டு வாய் கட்டாமல், தண்ணீருக்கு 3 மீற்றர் மேலே நிற்குமாறு இரட்டைக் கயிற்றில் இறக்கி, கிணற்றுக் கட்டுக்கு மேலே பலூன் ஒன்றை ஊசியால் உடைக்க வேண்டும். நாலைந்து தடவை. அந்தப் பதிவில் பலூன் உடையும் முனையிலிருந்து எதிரொலி அடங்கும்வரை வெட்டி எடுத்தால் அந்தக் கிணற்றின் ஒலிக் கைரேகை கையில். ரீப்பர் ஒலி மென்பொருளின் ரியாவெர்ப் என்ற செருகியில் அதை ஏற்றினால் எந்தக் குரலையும் அந்தக் கிணற்றுக்குள் போடலாம். பதிவு மட்டம் உச்சியில் வெட்டுப்பட்டால் எதிரொலி கரகரக்கும். பலூன் உச்சி மைனஸ் 6 டெசிபெலுக்குக் கீழே இருக்கவேண்டும். கட்டில்லாத கிணற்றில் இதைச் செய்யவேண்டாம்.

இனி மாற்றீடுகள். பூமுக்குப் பதில் வாளி கிணற்றுச் சுவரில் மோதும் சத்தம், அதன் கீழ் கதவுக் கொண்டி விழும் சத்தம், இரண்டும் கிணற்று எதிரொலிக்குள். இதற்கு இன்னொரு நயமும் உண்டு. போனின் குட்டி ஸ்பீக்கர் 40, 50 ஹெர்ட்ஸைத் தொடாது. ஏழு பூமில் ஒன்றுகூடப் பஸ்ஸில் போனில் பார்ப்பவருக்குக் கேட்டிராது. வாளி அடியின் உடல் 180 முதல் 400 ஹெர்ட்ஸுக்குள் இருப்பதால் போனிலும் வரும், மண்டபத்திலும் வரும். ஏழு அடியை மூன்றாகக் குறைத்ததும் மூன்றுக்கும் மதிப்பு வந்தது.

ஏறும் விசிலுக்குப் பதில் கப்பிக் கிரீச். ரோஜர் ஷெப்பர்ட் 1964இல் காட்டிய ஒரு காதுமாயம் உண்டு. ஒரே சுரத்தைப் பல ஸ்தாயிகளில் அடுக்கி எல்லாவற்றையும் சேர்த்து மேலே ஏற்றவேண்டும். மேலே போனது மங்கிப் போக, கீழே புதிது மெல்ல நுழையவேண்டும். காதுக்கு முடிவே இல்லாமல் ஏறுவது போல இருக்கும். கப்பிப் பதிவை நாலு படியாக எடுத்து (24 அரைச்சுரம் கீழே, 12 கீழே, உள்ளபடி, 12 மேலே) 14 நொடிக்குள் ஒவ்வொன்றையும் ஒரு ஸ்தாயி ஏற்றி, ஓரத்து இரண்டின் சத்தத்தை மடக்கி வைத்தோம். தனிச் சுரம் இல்லாத கரகரச் சத்தம் என்பதால் மாயம் முழுதாக வராது. முக்கால்வாசி வருகிறது. செல் போலக் கேட்கவில்லை என்பதே பெரிய இலாபம். கீழே இறங்கும் சறுக்கல் மட்டும் எங்கும் வரக்கூடாது. அது ஒரு நொடி வந்தாலும் பழைய ஞாபகம்தான்.

அமைதி. வழமையான மரபு எல்லாச் சத்தத்தையும் பூச்சியத்துக்கு வெட்டிவிடுவது. போனில் பார்ப்பவர் அதைச் ‘சிக்னல் போட்டுது’ என்று நினைத்துத் திரையைத் தட்டுகிறார், பயம் கலைகிறது. அதனால் ட்ரெய்லர் முழுக்க இரவுக் காட்சிகளுக்கு அடியில் சில்வண்டுச் சத்தத்தை மெல்லியதாக ஓட விட்டோம். அமைதி வரவேண்டிய இடத்தில் சில்வண்டு மட்டும் நிற்கும், அறையின் மெல்லிய இரைச்சல் மைனஸ் 60 டெசிபெலில் தொடரும். சில்வண்டு கிட்டவாக ஆளோ மிருகமோ வந்தால் கத்துவதை நிறுத்தும். கொட்டிலில் படுத்துப் பழகியவர் நித்திரையில்கூட அந்த நிறுத்தத்துக்கு முழிப்பார். இதைவிட நல்ல அமைதி எந்த ஒலிக்கட்டிலும் விற்பனைக்கு இல்லை.

அமைதியின் நீளம் 18 பிரேம், நொடிக்கு 25 பிரேம் என்பதால் 0.72 நொடி. 12 பிரேமில் அமைதி பதியவில்லை. 30 பிரேமில் பார்ப்பவர் ‘இப்ப அடிக்கப்போறான்’ என்று தயாராகிவிடுகிறார். அதன்பின் வரும் அடி எடுத்த எடுப்பில் உச்சத்துக்குப் போகவேண்டும். மெல்ல ஏறும் சத்தம் எவ்வளவு பெரிதானாலும் திடுக்கிட வைக்காது. இங்கே மணிக்கணக்கில் பிடிபடாத பிழை ஒன்று இருந்தது. அடி சரியாக இருந்தும் வெட்டு உப்புச்சப்பில்லாமல் இருந்தது. காரணம், அடிக்கு 3 பிரேம் முன்னால் கதவுக் கொண்டியின் சின்ன ‘டிக்’. 25 பிரேம் கணக்கில் அது 120 மில்லிசெக்கன். பெரிய சத்தத்துக்குச் சற்று முன் ஒரு சிறு சத்தம் கேட்டால் நரம்பு மண்டலம் திடுக்கிடலைக் குறைத்துக்கொள்ளும் என்பது உடலியலில் நன்கு தெரிந்த விஷயம். அந்த டிக்கை அழித்ததும் அதே அடி இரண்டு மடங்காகக் கேட்டது. மட்டத்தைக் கூட்டுமுன் முன்னால் என்ன கிடக்கிறது என்று பாருங்கள்.

தாலாட்டு மரபுக்கும் ஒரு குறிப்பு. தெரிந்த பாட்டை இழுத்து மெதுவாக்கி, பிள்ளைக் குரலில் போடுவது எல்லோரும் செய்வது. ‘ஆராரோ ஆரிவரோ’வை நிமிடத்துக்கு 72 அடியிலிருந்து 48க்கு இறக்கியதும் அது தாலாட்டாக இல்லை, ஒப்பாரியாக இருந்தது. செத்தவீட்டுக்குள் போய்விட்டோம். எனவே உள்ள வேகத்திலேயே, சிறுமி வேலை செய்துகொண்டு முணுமுணுப்பது போலப் பதிந்து, கடைசிச் சொல்லை மட்டும் வெட்டினோம். இரண்டாவது தடவை அதே இடத்தில் நிற்கும்போது, விட்டுப்போன சொல்லைப் பார்ப்பவரின் வாய் தானாக முடிக்கப் பார்க்கிறது. சினிமாப் பாட்டை எடுத்தால் உரிமைக்காரர் யூடியூபில் முடக்குவார் என்பதும் ஒன்று.

பேச்சும் எழுத்தும்

மொத்தம் மூன்றே வசனம். 0:34இல் மகள்: “அம்மா, ஆர் கிணத்தடியிலை நிக்கிறது?” தாய்: “ஒருத்தருமில்லை. நீ படு பிள்ளை.” 1:08இல் போனில் புருஷன்: “உமக்கு நித்திரை காணாது, அதுதான் உப்பிடிக் கேக்குது.” பிள்ளை முதலில் காண்பது, நம்பாத ஒருவர் அறிவோடு மறுப்பது, இரண்டும் இந்த வகையின் தேய்ந்த காசுகள்தான். ஆனால் செல்லுபடியாகும் காசுகள். தேய்மானத்தை மறைப்பது வசனத்தின் சாதாரணத்தனம். முதல் வெட்டில் தாய் “அங்கே யாருமே இல்லை!” என்று இந்தியப் படத் தமிழில் கத்தினாள், அந்த ஒரு வரியில் வீடு இரணைமடுவிலிருந்து சென்னைக்குப் போய்விட்டது. மகள் கேட்டதற்கும் தாய் சொன்னதற்கும் இடையே படத்தில் 10 பிரேம்தான். ட்ரெய்லரில் 34 பிரேம் ஆக்கி, நடுவில் தாயின் கண்ணை வைத்தோம். இடைவெளி நீண்டதும் அவள் பொய் சொல்கிறாள் போல ஆகிவிட்டது. படத்தில் அவள் பொய் சொல்லவில்லை. இப்படியான ஏமாற்று ட்ரெய்லருக்குக் கூடும். வசனத்தின் சொல்லையே மாற்றினால் படம் பார்க்க வந்தவர் ஏசுவார்.

எழுத்து அட்டைகளை ஆங்கில ட்ரெய்லர் பாணியில் உடைத்தால் தமிழில் சப்பென்று போகும். அங்கே வினை நடுவில் வரும். தமிழில் வினை கடைசியில் வருவது இந்த வேலைக்கென்றே செய்து வைத்தது போல இருக்கிறது. ‘அந்தியேட்டி முடிந்து’ ஒரு அட்டை. ‘கயிறு கழற்றிய கிணற்றில்’ இரண்டாவது. ‘ஆரோ தண்ணி அள்ளுகினம்’ மூன்றாவது. ஒவ்வொன்றும் 45 பிரேம். மூன்று சொல்லுக்கு மேல் போகவேண்டாம், தமிழ்ச் சொல் நீளம். முதல் இரண்டு அட்டையும் எழுத்துத் தமிழ், கடைசி மட்டும் பேச்சு. அங்கே யாரோ காதுக்குள் சொல்வது போல ஆகிறது.

எழுத்துருவில் நேரம் தின்னும். ஊர் ஸ்டூடியோக்களில் கலியாண அல்பம், நோட்டீஸ் எல்லாம் இன்னும் யுனிகோட் அல்லாத பழைய பாமினி எழுத்துருவில்தான் ஓடுகின்றன. பாமினியில் தட்டியதை யுனிகோட் எழுத்துருவில் ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பை வரும், முதலில் மாற்றியில் போட்டு எடுக்கவேண்டும். யுனிகோட் ஆனபின்னும் சில எடிட்டிங் மென்பொருள்களின் டைட்டில் கருவி கொம்பையும் காலையும் இடம் மாற்றி வைக்கும், ‘கொ’ உடைந்து மூன்றாகும். சண்டை பிடிக்காமல் இன்க்ஸ்கேப்பில் எழுத்தைத் தட்டி, உருவக் கோடாக மாற்றி, பின்னணி இல்லாத பிஎன்ஜி படமாக 3840 பிக்ஸல் அகலத்தில் எடுத்து டைம்லைனில் வைப்பதே சுகம். இரத்தம் வழியும் எழுத்து வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறோம். ஆனால் முதல் வெட்டில் அதுவும் இருந்தது.

வெளிச்சம்

சுருக்கமாக. இரவுக் காட்சி வெளிப்புறம் எல்லாம் மம்மலில் எடுத்தவை, பொழுதுபட்டு ஏறக்குறைய 20 நிமிடம் கிடைக்கும். ஒரு நாளைக்கு இரண்டு ஷொட், மூன்றாவதுக்கு ஆசைப்பட்டால் முகம் தெரியாது. மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் 25 பிரேமும் 1/50 ஷட்டரும். 50 ஹெர்ட்ஸுக்குப் பொருந்தாத ஷட்டரில் மலிவு எல்ஈடி பல்ப் கோடு கோடாக ஓடும். அரிக்கன் லாம்புக்குள் திரியை எடுத்துவிட்டு 2700 கெல்வின் சின்ன எல்ஈடியை வைத்தது, காற்றில் அணையாது.

மெதுவாக முன்னேறும் கமரா இந்த வகையின் உயிர். ரொலி (கமரா வண்டி) இல்லாத இடத்தில், வழவழப்பான பலகையில் ஈரச் சீலை விரித்து, அதன்மேல் 3 கிலோ நெல் போட்ட சாக்கு, சாக்கின் மேல் கமரா. 12 நொடியில் 60 செ.மீ. இழுத்தால் போதும். 4கே பதிவை எடிட்டில் பெருப்பித்தும் முன்னேறுவது போலக் காட்டலாம். ஆனால் அதில் கதவுநிலை சுவரை விட்டு நகராது, படம் பெருக்கிறது என்றுதான் கண் சொல்லும், கிட்டப் போகிறோம் என்று சொல்லாது.

நீலப் பச்சை நிறத்தைக் கைவிட்டதற்குக் காரணம் எளிது: நம் தோல் அதில் சாம்பலாகிறது, பிணம் மாதிரி. எல்லோரும் பிணமாகத் தெரிந்தால் ஆருக்குப் பயப்படுவது? பச்சையின் செறிவை மட்டும் 30 விழுக்காடு குறைத்து, பல்ப் மஞ்சளை அப்படியே விட்டோம். தோல், நிறத்தை அளக்கும் வெக்டர்ஸ்கோப்பின் தோற்கோட்டிலேயே இருக்கவேண்டும், கறுப்புத் தோலும் சிவந்த தோலும் அதே கோட்டில்தான் விழும். முகத்தின் வெளிச்சப் பக்கம், வெளிச்சத்தை அளக்கும் வேவ்ஃபோமில் 25 முதல் 35 விழுக்காடு. மத்தியான வெயிலில் போனில் பார்ப்பவருக்கு அதற்குக் கீழே ஒன்றும் தெரியாது.

வெட்டின் கணக்கு

முடிந்த வெட்டு 1:52, அதாவது 2800 பிரேம். முதல் 5 நொடி, கயிறில்லாத கப்பி நெருக்கத்தில், மூன்று கிரீச், கருப்பு. யூடியூபில் விளம்பரமாகப் போனால் 5 நொடியில் தாண்டிவிடலாம் என்பதால் அதற்குள் வகை தெரிந்துவிடவேண்டும். பிறகு 0:34 வரை சாதாரணம்: தலை பின்னுதல், குசினிப் புகை, பள்ளிக்கூடச் சைக்கிள், மாமியின் வெறுங்கதிரை. ஒவ்வொரு ஷொட்டும் இரண்டரை முதல் நாலு நொடி. இந்தப் பகுதியைக் குறைக்கச் சொல்லித்தான் எல்லோரும் சொல்வார்கள். குறைக்கவேண்டாம். குலைக்கப்போவது எது என்று தெரியாவிட்டால் குலைவது எப்படித் தெரியும்? வெறுங்கதிரை இங்கே ஒரு தடவை முழுதாகவும், 0:58இல் வேறு பக்கம் திரும்பியிருக்கவும் வருகிறது. யாரும் அதைச் சுட்டிக்காட்டுவதில்லை. கவனித்தவர் மற்றவருக்குச் சொல்லட்டும்.

1:14 முதல் 1:34 வரை ஓட்டம். 40 பிரேமில் தொடங்கி 8 பிரேமில் முடிகிறது, ஆனால் ஒரே சீராகக் குறைக்கவில்லை. நடுவில் ஒரு 50 பிரேம் ஷொட்டைச் செருகினோம், மகள் அசையாமல் நிற்கிறாள். ஓட்டம் மூச்சு வாங்கும் இடத்தில்தான் பார்ப்பவரும் மூச்சை வாங்குகிறார், அடுத்த வெட்டு அதைப் பிடுங்குகிறது. வெளிச்சமும் இருட்டும் மாறி மாறி வரும் வெட்டுக்கு ஒரு கட்டாயக் கணக்கு: நாலு பிரேம் வெளிச்சம், நாலு பிரேம் இருட்டு என்றால் நொடிக்கு மூன்று மினுக்கலுக்கு மேல் போகும், வலிப்பு நோய் உள்ளவர்களுக்கு ஆபத்தான எல்லை அது. ஐந்து ஐந்தாக வைத்தால் நொடிக்கு இரண்டரை.

ஓட்டத்தின் பின் 18 பிரேம் சில்வண்டு நிறுத்தம். அடி. அடியோடு வருவது முகம் இல்லை, நனைந்த கிணற்றுக் கட்டு. தண்ணீர் யாரோ இப்போதுதான் அள்ளியது போல வழிகிறது. அது தாயே அள்ளியதாகவும் இருக்கலாம். தலைப்பு 1:40இல். 1:46இல் கடைசிக் குத்து: தாய் உள்ளங்கையைப் பார்க்கிறாள், கயிறு உரசிய சிவப்புத் தடம். ஒலி இல்லை.

சோதிப்பது எப்படி என்றால், பார்ப்பவரிடம் ‘பயமா இருந்ததா?’ என்று கேட்கவேண்டாம். மரியாதைக்கு ஓம் என்பார்கள். ‘இந்த மனிசிக்கு என்ன நடக்குது?’ என்று கேளுங்கள். எல்லோரும் பேய் என்றால் கைத்தடம் எடுபடவில்லை, எல்லோரும் விசர் என்றால் கதிரை எடுபடவில்லை. தங்களுக்குள் தர்க்கப்படத் தொடங்கினால் வெட்டு நின்றுவிட்டது என்று அர்த்தம். மூன்றாவது வெட்டில் எல்லோரும் ‘மாமியின் ஆவி’ என்றார்கள், அதன் பிறகுதான் உள்ளங்கை ஷொட் கடைசிக்குப் போனது.

வெளியே அனுப்பும்போது

ஒலிச் சராசரி மைனஸ் 16 எல்.யூ.எஃப்.எஸ். (காதுக்குக் கேட்கும் உரப்பின் அளவு), உச்சி மைனஸ் 1 டெசிபெல். யூடியூப் மைனஸ் 14க்கு மேலே போனதைக் குறைக்கும், கீழே இருப்பதைக் கூட்டாது. உரக்க வைத்து அனுப்பினால் அமைதிக்கும் அடிக்கும் இடைவெளிதான் போகும்.

வட்ஸ்அப்பில் கைமாறும் பிரதியை 16 எம்பிக்குள் அடக்கவேண்டும் என்றால் 112 நொடிக்குப் படத்துக்கு நொடிக்கு 1 மெகாபிட், ஒலிக்கு 128 கிலோபிட். இந்த மட்டத்தில் இருட்டு கட்டம் கட்டமாக உடையும். பெரிய பிரதியில் இருட்டுப் படிகளை மறைக்கப் போட்ட மணித்துகளை (கிரெயின்) சின்னப் பிரதியில் எடுத்துவிடுங்கள், துகள்தான் பிட்டைத் தின்கிறது. கறுப்பை இரண்டு புள்ளி உயர்த்தினால் உடைவு குறையும்.

நிமிர்ந்த போன் பிரதி வேறு வேலை. 1080 உயரப் படத்திலிருந்து 9:16 வெட்டினால் 607 பிக்ஸல் அகலம்தான் மிஞ்சும், மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆளை ஓரத்தில் வைத்து மறுபக்கத்தைக் காலியாக விட்ட ஷொட்கள் (இந்த வகை அதில்தான் நிற்கிறது) எல்லாம் அங்கே வெறும் முகமாகிவிடும். வெற்றிடத்தைப் பக்கத்தில் விடாமல் மேலே விடுகிற ஷொட் நாலைந்து தனியாக எடுத்து வைத்திருந்தால் தப்பலாம்: கதவுநிலைக்கு மேலே இருட்டு, தலைக்கு மேலே கப்பி.

கடைசியாக, யூடியூபில் அடுத்த வீடியோவுக்கான பெட்டிகள் முடிவின் கடைசி 5 முதல் 20 நொடிக்குள்தான் வரும். அவை உள்ளங்கைச் சிவப்புத் தடத்தின் மேலேயே வந்து குந்திக்கொண்டன. அந்தப் பிரதிக்கு மட்டும் 8 நொடி இருட்டுக் கிணறு பின்னால் சேர்த்து 2:00 ஆக்கியிருக்கிறது. ஐந்தாவது நொடியில் சில்வண்டு திரும்பக் கத்தத் தொடங்கும்.